பரணில் ஏறிய கறிச்சட்டி

2024 மார்ச் 7. மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். கன்னடக்காரர்தான், ஆனால் பழைய பெங்களூர்க்காரர்கள் பலரையும் போலத் தமிழ் சரளமாக வரும். வாடகை, அட்வான்ஸ், பைக் நிறுத்த இடம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. அப்புறம், முதலிலேயே கேட்க நினைத்ததைக் கடைசியில் கேட்டார். "நான்வெஜ் எல்லாம் உண்டா?" நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இல்லம்மா, நாங்க சாப்பிடறதில்ல" என்றேன்.

அன்று ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் இருபத்து மூன்றாவது நாள். காதலர் தினமும், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனும் ஒன்றாக வந்து விழுந்த பிப்ரவரி 14ஆம் தேதியிலிருந்து எங்கள் வீட்டில் கறியும் இல்லை, மீனும் இல்லை. ஆகவே நான் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. சாப்பிடுவதில்லைதான். இன்னும் மூன்றரை வாரத்துக்குச் சாப்பிடப் போவதும் இல்லை. அதற்கு அப்புறம் என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீடு அவ்வளவு தேவையாக இருந்தது. அந்த மார்ச் எப்படி இருந்தது என்று பெங்களூரில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹொரமாவில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டின் போர்வெல் பிப்ரவரியிலேயே கைவிட்டது. டேங்கர்காரர் சொன்னதுதான் விலை, வந்ததுதான் நேரம். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது, கார் கழுவும் அளவுக்கு யார் வீட்டில் தண்ணீர் வருகிறது என்று சிரித்தோம். காவேரித் தண்ணீர் வரும் பழைய பேட்டையில் ஒரு வீடு கிடைத்தால் போதும் என்றாகிவிட்டது. ஏற்கெனவே மூன்று வீடுகள் கைநழுவியிருந்தன. மூன்றிலும் அதே கேள்வி, மூன்றிலும் உண்மையைச் சொல்லியிருந்தேன்.

அந்த அம்மா சிரித்தார். "நீங்க கிறிஸ்டியன்ஸ்னு புரோக்கர் சொன்னாரு. கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு. பரவாயில்ல, சுத்தமா இருக்கீங்க" என்றார். சாவி கைக்கு வந்தது. அந்தச் 'சுத்தமா' மட்டும் மத்தி மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை.

சுத்தபோசனம்

ஏன் அந்தச் சொல் அப்படிக் குத்தியது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த திருச்சபைக் கட்டளைகளில் ஒன்று நினைவுக்கு வந்தது. ஒருசந்தி நாட்களில் ஒருசந்தியும், சுத்தபோசன நாட்களில் சுத்தபோசனமும் அனுசரிக்க வேண்டும். ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவது. சுத்தபோசனம் என்றால் கறி இல்லாத சாப்பாடு. இப்போதைய பூசைப் புத்தகங்களில் இறைச்சி தவிர்த்தல் என்றோ புலால் விலக்கு என்றோதான் வருகிறது. ஆனால் என் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, அது கடைசிவரை சுத்தபோசனம்தான். சிறுவயதில் அந்தச் சொல்லை ஒரு பெயராகத்தான் கேட்டேன், பொருளாகக் கேட்டதில்லை. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் நடந்து போகும்போது ஒரு ஓட்டல் பலகையில் கன்னடத்தில் 'ஷுத்த சஸ்யாஹாரி', அதாவது சுத்த சைவம், என்று எழுதியிருப்பதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஓட்டல் பலகையிலும் வீட்டுக்கார அம்மா வாயிலும் ஆயாவின் கட்டளையிலும் அதே சுத்தம். கறி இல்லாத சாப்பாடு சுத்தபோசனம் என்றால், மற்ற நாளெல்லாம் நாங்கள் சாப்பிட்டது என்ன?

இது வெறும் சொல் விளையாட்டு என்று சிலருக்குத் தோன்றலாம். கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளில், வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு அப்படித் தோன்றாது. எங்கள் சனம் என்ன சாப்பிடும் என்பதை வைத்துத்தான் எங்களை எங்கே நிறுத்துவது என்று ஊர் முடிவு செய்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் லைனில் வெந்தது பெரும்பாலும் மாட்டுக்கறி. ஆட்டுக்கறி கிறிஸ்துமஸுக்கு. இப்போது அந்த மாட்டுக்கறியும் சுலபமில்லை. 2021 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த கர்நாடகச் சட்டத்தின்படி பதின்மூன்று வயது தாண்டிய எருமையைத் தவிர வேறு மாட்டை அறுக்க முடியாது. அது வேறு கதை, நீளமான கதை.

நம் ஊரில் கறியை விடுவதற்கு என்று ஒரு மரியாதை இருக்கிறது. விட்டவர் ஒரு படி மேலே ஏறிவிடுகிறார். 1606இல் மதுரைக்கு வந்த சேசுசபைக் குரு ராபர்ட் தெ நொபிலிக்கு, அதாவது தத்துவ போதகருக்கு, அது நன்றாகத் தெரிந்திருந்தது. இத்தாலியப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை காவி கட்டினார், கறியை விட்டார், சோறும் பாலும் கீரையுமாக வாழ்ந்தார். இல்லாவிட்டால் அங்கே அவர் பேச்சை யாரும் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். நம் கத்தோலிக்கத் தமிழின் சொற்கள் பலவற்றில் அந்தக் காலத்துக் காற்று அடிக்கிறது. குருத்தோலைச் சாம்பலுக்கு விபூதி என்று பெயர் வைத்தவர்கள், கறி இல்லாச் சோற்றுக்குச் சுத்தபோசனம் என்று வைத்ததில் ஆச்சரியமில்லை. நொபிலியை நான் குறை சொல்லவில்லை. அவர் விட்டது ஆட்கள் தன்னிடம் வர வேண்டும் என்பதற்காக. நான் சொன்னது காவேரித் தண்ணீருக்காக. அவர் பரவாயில்லை.

ஆனால் திருச்சபை சொல்வது நேர் எதிரானது. எந்தச் சாப்பாடும் தீட்டில்லை என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. வெளியிலிருந்து உள்ளே போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது என்று இயேசு சொல்வது மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. திருத்தூதர் பணிகள் பத்தாம் அதிகாரத்தில், யோப்பாவில் பசியோடு மாடியில் இருக்கும் பேதுருவுக்கு முன்னால் எல்லா வகை விலங்குகளும் நிறைந்த ஒரு விரிப்பு இறங்குகிறது. கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்று குரல் கேட்கிறது. அந்தக் காட்சி சாப்பாட்டோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். அடுத்து பேதுரு நேராகப் போவது யூதரல்லாத கொர்னேலியுவின் வீட்டுக்குள். சாப்பாட்டில் தீட்டு போனால்தான் வாசற்படியில் தீட்டு போகும் என்று அந்தக் கதையை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. வாடகை வீடு தேடியவர் எழுதிய மாதிரியே இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், இது என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. கி.பி. 314இல் அங்கிராவில், இன்றைய அங்காராவில், ஆயர்கள் கூடி ஒரு விதி போட்டார்கள். கறி சாப்பிடாத குருக்களும் திருத்தொண்டர்களும் அதை ஒருமுறை ருசி பார்க்க வேண்டும். பிறகு வேண்டுமானால் விட்டுக்கொள்ளலாம். ஆனால் அருவருத்து, கறியோடு சேர்த்துச் சமைத்த காய்கீரையைக்கூடத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தால் பதவி போய்விடும். முதலில் ஒரு துண்டைச் சாப்பிட்டுக் காட்டு, அப்புறம் விரதம் இரு! அதே நூற்றாண்டில் கங்ராவில் கூடிய ஆயர் சங்கமும், கறி சாப்பிடுகிறவனுக்கு மீட்பு இல்லை என்று சொல்பவர்களைக் கண்டித்தது. தவக்காலத்தில் கறியை விடச் சொன்ன அதே சபைதான், அசிங்கம் என்று நினைத்து விடாதே என்றும் சொல்லியிருக்கிறது. நல்லது என்பதால்தான் அதை விடுவதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. கெட்டதை விடுவதற்கு நாற்பது நாள் எதற்கு, எப்போதுமே விட்டுவிட வேண்டியதுதானே?

இந்த வெளிச்சத்தில் என் பதிலைப் பார்த்தால், பொய் சொன்னது சின்னத் தப்பு. என் தவத்தை எடுத்துக் கொண்டுபோய், என் சனத்தின் சட்டியை அசிங்கம் என்று சொல்லும் ஒரு கணக்கில் வரவு வைத்தேனே, அதுதான் பெரிய தப்பு.

வெள்ளிக்கிழமை மீன்

கறி கூடாது, மீன் மட்டும் கூடுமா என்று அலுவலகத்தில் வருடா வருடம் கேட்பார்கள். வருடா வருடம் நானும் ஒரு பதில் சொல்லிச் சமாளிப்பேன். உண்மையில் தமிழில் இது குழப்பமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் 'கறி எடுக்கறதா, மீன் எடுக்கறதா' என்றுதான் வீட்டில் பேச்சு. மீனை யாரும் கறி என்று சொல்வதில்லை. லத்தீன்காரர்களும் அப்படித்தான் பிரித்தார்கள். நிலத்து விலங்கின் இறைச்சிக்கு ருசி அதிகம், ஆசையைக் கிளப்பும், அதனால்தான் அதற்கு விலக்கு என்று 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் காரணம் சொன்னார். மீன் வறுவலை அவர் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை போலிருக்கிறது.

பெங்களூர் இரண்டு கடலுக்கும் நடுவில், இரண்டிலிருந்தும் சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஐஸ் பெட்டியில் வரும் வஞ்சிரம், சில வாரங்களில் ஆட்டுக்கறி விலையையே மிஞ்சும். தவக்கால வெள்ளிக்கிழமை சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் மீன் பக்கம் போய்ப் பார்த்தால், தோலைச் சீவி வட்டமாகத் துண்டு போடச் சொல்லிக் கழுத்தில் ஜெபமாலையோடு நிற்பவர்கள் சிலரைப் பார்க்கலாம். சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியையோ, அந்தந்த நாட்டு ஆயர் பேரவை சொல்லும் வேறு உணவையோ விடச் சொல்கிறது. பதினான்கு வயது முடிந்தவர்கள் எல்லோருக்கும் அது பொருந்தும். விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் சேர்ந்த நாட்கள். அதற்கு முன்பே, 1966இல், திருத்தந்தை ஆறாம் பவுல் முட்டை, பால் பொருட்கள், விலங்குக் கொழுப்பில் செய்த தாளிப்புக்குக்கூடத் தடையில்லை என்று தளர்த்திவிட்டார். அமெரிக்காவில் சின்சினாட்டியில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர் வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிட்டதே என்று மீன் பர்கர் கண்டுபிடித்தது 1962இல். தவம் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு அடுப்பு போகும்.

எங்கள் வீட்டில் மீனையும் விடுவது சட்டத்துக்காக இல்லை. ஆயா விட்டார், அம்மா விட்டார், நாங்களும் விடுகிறோம், அவ்வளவுதான். தவக்காலத்து ஞாயிறு நாற்பது நாள் கணக்கில் வராது, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு உயிர்ப்புத் திருநாள்தான் என்று ஒரு முறை பங்குச் சாமியார் சொன்னபோது, ஆயா கேட்டுவிட்டு வந்து, 'சாமியார் நல்லாத்தான் சொல்றாரு' என்றார். ஞாயிற்றுக்கிழமையும் பருப்புதான் வைத்தார்.

2001, பிப்ரவரி 28

2024இல் ஈஸ்டர் மார்ச் 31. மல்லேஸ்வரத்துப் புது வீட்டில் குடியேறி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஈஸ்டர் இரவுப் பூசையான பாஸ்குத் திருவிழிப்பு முடிந்து நள்ளிரவில் வீட்டுக்கு வந்தால், அடுப்பைப் பற்றவைக்க வழியில்லை. காலையில் மனைவியும் மகளும் நானுமாக ஆஸ்டின் டவுனில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டோம். அம்மா அங்கேதான் இருந்தார். குக்கர் விசில் அடிக்கும்போதே மகள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நாலு முறை ஓடினாள். சாப்பிட்டோம். நன்றாகச் சாப்பிட்டோம். கிளம்பும்போது மனைவி மகளுக்குச் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டாள், மோந்து பார்த்தாள், மூன்றாவது முறையும் கழுவினாள். கைப்பையிலிருந்து ஏலக்காய் எடுத்து எல்லோருக்கும் ஒன்று கொடுத்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குச் சட்டியில் குழம்பு ஊற்றி வைத்திருந்ததை நாங்கள் வேண்டாம் என்று சொன்னபோதுதான் கேட்டார். "ஏன்டா, உங்க வீட்டுக்கு மட்டும் ஈஸ்டர் வராதா?"

சொன்னேன். அந்த அம்மா கேட்டது, நான் சொன்னது, 'சுத்தமா இருக்கீங்க' என்றது, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆயாவோட கறிச்சட்டி ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றார்.

மறக்குமா? அடி கறுத்த, வாய் அகன்ற மண்சட்டி. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும். விபூதிப் புதன் அன்று காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வரும் ஆயா, முதல் வேலையாக அந்தச் சட்டியை எடுத்து, அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுவார். பெரிய சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்கும். நாற்பது நாள் கறிக்காசு ஒரு பவுடர் டப்பாவில் சேரும். அது பெரிய வெள்ளியன்று கோயிலில் கஞ்சி ஊற்றுகிறவர்களுக்குப் போகும். சட்டி தீட்டு என்பதால்தான் மேலே ஏற்றுகிறாரா என்று நான் ஒரு முறை கேட்டதாகவும், அதற்கு ஆயா சிரித்ததாகவும் அம்மா சொன்னார். "தீட்டா? அது கண்ணுல பட்டா நாக்கு ஊறுதுடா, அதான்."

இது எனக்கு நினைவில்லை. அடுத்து அம்மா சொன்னது நினைவிருந்தது, ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்த மாதிரி இல்லை.

தங்கச் சுரங்கத்தை மூடிய நாள் 2001 பிப்ரவரி 28. காலண்டர் இருந்தால் பாருங்கள், அன்று விபூதிப் புதன். நூற்றிருபது வருடம் ஓடிய சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே ஆளை இறக்கிய சாம்பியன் ரீஃப், அன்றோடு நின்றது. நைனா, அதாவது அப்பா, வேலையில்லாமல் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பதினேழு வயது. லைன் முழுக்க ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆயா வழக்கம்போலச் சட்டியைத் தேய்த்துப் பரணில் ஏற்றினார். அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 15. பெரிய சனிக்கிழமை சாயங்காலம் சட்டி இறங்கவில்லை. மே வந்தது, இறங்கவில்லை. எதிர் வீட்டுப் பெண்கள் கேட்டபோது ஆயா, "மாதாவுக்கு வேண்டுதல், பையனுக்கு வேலை கிடைக்கறவரைக்கும் சுத்தபோசனம்" என்றார். நானும் நம்பினேன். எவ்வளவு பக்தி என்று பெருமைகூடப் பட்டேன். பங்கு இளைஞர் கூட்டத்தில் அதை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறேன்.

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா. "காசு இல்லடா. செட்டில்மென்ட் பணம் வரல, கடைக்காரன் கடன் குடுக்கல. எதிர் வீட்டுக்காரிகிட்ட இல்லன்னு சொல்ல வாய் வரல கெழவிக்கு. சுத்தபோசனம்னு சொல்லிட்டா." நைனாவுக்கு பெங்களூரில் செக்யூரிட்டி வேலை கிடைத்து, விடியற்காலை மாரிகுப்பம் ரயிலில் போய்வர ஆரம்பித்த பிறகு, செப்டம்பர் 8 மாதா திருநாளுக்குத்தான் சட்டி இறங்கியது. இறக்கும்போது உள்ளே ஒரு பல்லி முட்டை இருந்தது. அது எனக்கு நினைவிருக்கிறது. நைனா சிவாஜிநகர் மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அப்படியே மார்க்கெட்டுக்குள் போய் ஒரு கிலோ கறி எடுத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் வந்தார். எல்லோரும் சாப்பிட்டோம். ஆயா அழுதுகொண்டே சாப்பிட்டார். வேண்டுதல் நிறைவேறிய சந்தோஷம் என்று நினைத்தேன்.

அம்மா அந்தக் கதையை எதற்காகச் சொன்னார் என்று இதுவரை கேட்கவில்லை. நீயும் உன் ஆயா மாதிரிதான், வேறு வழியில்லாமல் சொன்னாய், போகட்டும் விடு என்று ஆறுதல் சொன்னாரா? அவளாவது இல்லாமையை மறைக்கச் சொன்னாள், நீ இருப்பதையே மறைத்தாய் என்று குத்தினாரா? இரண்டும் இருக்கலாம். ஆயா அந்தச் சொல்லை ஒரு போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆறு மாதத்துக்கும் மேல். அதில் முதல் நாற்பத்தாறு நாள்தான் தவம். மீதி நாளெல்லாம் என்ன? தவக்காலம் முடிய ஒரு தேதி இருக்கிறது, வறுமைக்கு அது கிடையாது. விரதத்துக்கு மறுபக்கம் ஒரு கறிச்சட்டி காத்திருக்க வேண்டும். அது இல்லாத வீட்டைப் பார்த்து இறைச்சியைத் தவிருங்கள் என்று பீடத்திலிருந்து சொல்லும்போது, யாருக்குச் சொல்கிறோம் என்று கொஞ்சம் கீழே பார்த்துவிட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும்.

பதினோரு மாதம்

மல்லேஸ்வரத்து வீட்டில் அக்ரிமென்ட் முடியும்வரை இருந்தோம். முட்டைகூட உடைக்கவில்லை. அந்த அம்மாவைப் பற்றித் தப்பாகச் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. ராமநவமிக்குப் பானகமும் கோசம்பரியும் மேலே வந்தன. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வந்தது. அவர் நல்லவராக இருக்க இருக்க எனக்குக் கஷ்டம் கூடியது. மகாவீர் ஜெயந்தி போன்ற நாட்களில் மாநகராட்சி கறிக்கடைகளை மூடச் சொல்லும். 2025 தொடக்கத்தில் ஏரோ இந்தியா கண்காட்சிக்காக எலஹங்காவைச் சுற்றி 13 கிலோமீட்டருக்குக் கறிக்கடை கூடாது என்றார்கள், கழிவைத் தேடிப் பருந்து வரும், விமானத்தில் மோதும் என்று. சாமிக்காகவும் விமானத்துக்காகவும் கடை மூடும் ஊரில், தண்ணீருக்காக ஒரு குடும்பம் அடுப்பை மூடினால் என்ன என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

2025 பிப்ரவரியில் வீட்டைக் காலி செய்தோம். போகும்போது சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூர் வழக்கம். அவர் பிடிக்கவில்லை. முழு அட்வான்ஸையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வீட்டை அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தீங்க, எதுக்குப் பிடிக்கணும்" என்றார். மனைவிக்கு மஞ்சளும் தேங்காயும் கொடுத்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் வாய்க்குள்ளேயே நின்றது. சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கஞ்சி

இப்போது இருப்பது லிங்கராஜபுரத்தில், ஒரு மாடி வீடு. அம்மாவும் எங்களோடு வந்துவிட்டார். கீழ் வீட்டில் வாணியம்பாடிக்காரர் ஒருவர் குடும்பம். வீட்டுக்காரர் எங்களிடம் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, மோட்டார் போடும் முறையைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார்.

2025இல் ரம்ஜான் மார்ச் 2இல் தொடங்கியது, விபூதிப் புதன் மார்ச் 5. மாடியில் ஒரு விரதம், கீழே ஒரு விரதம். கீழ் வீட்டு அக்கா துணி காயப்போட வந்தபோது அம்மாவிடம் விசாரித்தார். "உங்க நோன்புல தண்ணி குடிக்கலாமா?" குடிக்கலாம். "டீ?" குடிக்கலாம். "பகல்ல சோறு?" கறி இல்லாமல் சாப்பிடலாம். அவர் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டது மாடிப்படியில் நின்ற எனக்கே தெரிந்தது. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "உங்களுக்கு ராத்திரி உண்டு இல்ல? எங்களுக்கு ராத்திரியும் கறி கெடையாது" என்றார்.

மார்ச் 7, வெள்ளிக்கிழமை. முந்தைய வருடம் அதே தேதியில்தான் நான் மல்லேஸ்வரத்தில் செருப்பைக் கழற்றினேன் என்பது பிற்பாடுதான் உறைத்தது. அன்றைய திருப்பலி முதல் வாசகம் எசாயா 58. நீங்கள் நாணல்போலத் தலையைக் குனிந்து, சாக்கு உடுத்திச் சாம்பலில் உட்கார்வதா நோன்பு, பசித்தவனோடு சாப்பாட்டைப் பகிர்வதும் வீடில்லாதவனை வீட்டுக்குள் அழைப்பதும் இல்லையா என்று கடவுள் கேட்கும் இடம். காலைப் பூசைக்குப் போய் அதைக் கேட்டுவிட்டு வந்த அம்மா, சாயங்காலச் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு முன் பச்சைப்பயறுச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தார். ஆறே கால் இருக்கும். கீழ் வீட்டுப் பையன், பத்து வயது, இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். நோன்புக் கஞ்சி. மூடியைத் திறந்ததும் பட்டையும் கிராம்பும் கொத்துக்கறியும் புதினாவும் சேர்ந்த வாசனை வீடெல்லாம் ஏறியது. மகள் ஓடி வந்து, வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்து, அப்படியே நின்றுவிட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். ஒரு கணம், இன்னைக்குக் கறி சாப்பிட மாட்டோம் தம்பி, கொண்டுபோயிடு என்று சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அந்தப் பையன் காதில் அது எப்படி விழும் என்றும் தோன்றியது. அம்மா யோசிக்கவே இல்லை. கஞ்சியை நம் பாத்திரத்தில் ஊற்றினார், ஒரு சொட்டு விடாமல் வழித்தார். அவன் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, தாளித்த சுண்டலை அதில் நிறைய அள்ளிப் போட்டார். "பாங்கு சொல்றதுக்குள்ள கொண்டுபோ. அம்மாகிட்ட சொல்லு, எங்களுக்கு நாளைக்குத்தான் நோன்பு தொறக்குது, நாளைக்கு சாப்பிடுவோம்னு." பையன் படியில் தடதடவென்று இறங்கினான்.

கஞ்சி ஃபிரிட்ஜுக்குப் போனது. தவக்காலம் முழுக்கக் கறி இல்லை என்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்றே, நாளைக்கு மட்டும் எப்படி என்று மனைவி மெதுவாகக் கேட்டாள். "சட்டம் வெள்ளிக்கிழமைக்குத்தான்" என்றார் அம்மா. பரண் ஏறிய சட்டியின் சட்டத்தை அவர் ஒரு நாளும் இப்படித் தளர்த்தி நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை எழுந்து வரும்போதே அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கெட்டியாகிவிட்டதால் கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிளறினார். நாலு கிண்ணத்தில் ஊற்றினார். மகள் ஊதி ஊதிக் குடித்தாள். அம்மா ஒரு கரண்டி வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்புக்கொட்டி, கீழ் வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கறி நெறையப் போட்டிருக்காடா."